முடி இல்லாத முடியப்பர்

மொன்ட்ரியால்-நோர்
07.07.2024

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி யோசெப் எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே வீட்டில் மூவரும் சுகம். உங்கள் முழங்கால் நோ எப்படி இருக்கிறது? நான் அனுப்பிய எண்ணெயை நீங்கள் பூசுகிறீர்களா, ஆட்டுக்குப் பூசுகிறீர்களா?

ஒரு பெரிய செய்தி. வருகிற மே மாதம் எங்கள் பங்கு மண்டபத்தில் முழுக் கூத்து ஒன்று போடப் போகிறோம். துண்டு துண்டாக அரை மணி நேரம் ஆடுவதில்லை, காப்பு முதல் மங்களம் வரை. கலைக்குழுத் தலைவர் ஹென்றி அண்ணை, லவாலில் இருப்பவர், நல்ல பாட்டுக்காரர். என்ன கதை என்பதில்தான் இழுபறி. மன்னார் ஆட்கள் ஒரு புனிதரைச் சொல்ல, யாழ்ப்பாணத்து ஆட்கள் வேறு புனிதரைச் சொல்ல, கடைசியாக எங்கள் வீட்டில் கூட்டம் வைத்தோம். அங்கேயும் யார் தலைமைக் கதிரையில் இருப்பது என்று சண்டை.

தேத்தண்ணீர் கொண்டுவந்த மகள் ஜொய்சி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "முன்னூற்றி எண்பது வருசத்துக்கு முதல் ஐரோப்பாவில இப்பிடித்தான் தூதர்மார் ஆர் முதல் இருக்கிறது எண்டு சண்டை பிடிச்சவை. அதில ஒருத்தர் மட்டும் நிண்டுகொண்டே அலுவலை முடிச்சவர்" என்றாள். பல்கலைக்கழகத்தில் அவள் ஆராய்ச்சி செய்வது அந்த மனிதரைப் பற்றித்தான். கதை முழுவதையும் அவள் சொல்லி முடித்தபோது தேத்தண்ணீர் ஆறிவிட்டது. கதை அவருடையதுதான் என்று முடிவாயிற்று.

பாட்டு யார் கட்டுவது என்று ஹென்றி அண்ணை கேட்டார். வங்காலையில் கூத்துப் பழக்கின அண்ணாவியார் சந்தியோகின் மகள், என் அக்கா, இருக்கிறா என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். மறுக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். முதன்மை ஆட்டம் எனக்குத்தான். தூதன் நான்.

ஆட்டுக்குட்டிகளுக்கும் அயலுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி
யோசெப்

---

வங்காலை
30.07.2024

அன்புத் தம்பி யோசெப்புக்கு,

மாதாவின் காவலில் நான் சுகமாக இருக்கிறேன். நீ பிறஷர் குளிசையை ஒழுங்காக எடுக்கிறாயா என்பதை அடுத்த கடிதத்தில் எழுது. முழங்கால் பற்றிக் கேட்டாய். அது என்னைவிடப் பிடிவாதம்.

கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கொதி வந்தது. அப்பா முப்பது வருஷம் முடி கட்டி ராசா ஆடினவர். அவர் பெற்ற பிள்ளை கனடாவுக்குப் போய்த் தூதன் ஆடுகிறதா? கூத்தில் தூதன் என்றால் யார்? இரண்டு தரு பாடி, ஓலையைக் கொடுத்து, நாலு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே போய் மற்றவனுக்கு உடுப்புக் கட்டி விடுகிறவன். உன் தொண்டைக்கு இதுதான் கிடைத்ததா? உனக்கு முடி தராத அந்த ஹென்றி யார் என்று கேட்டுச் சொல்லு.

அப்படியில்லை, தூதன்தான் கதாநாயகன் என்றால், அவனுடைய பிறப்பு வளர்ப்பு எல்லாவற்றையும் முழுக்க எழுது. தொலைபேசியில் சொல்லாதே. நீ அங்கே கதைக்க இங்கே பாதி வருகிறது, மீதியைப் பக்கத்து வீட்டு நாய் குரைத்து முடிக்கிறது. எழுதினால்தான் நான் திரும்பத் திரும்பப் படித்துப் பாட்டுக் கட்டலாம்.

அந்த மனிதனின் பெயரையும் நீ எழுதவில்லை. தாளத்தில் அடங்குகிற பெயராக இருந்தால் நல்லது.

ஜொய்சிக்கு என் முத்தங்கள். தமிழில் கதை சொன்னாளாமே, பெரிய காரியம்.

அக்கா
திரேசம்மா

---

மொன்ட்ரியால்-நோர்
18.08.2024

அன்புள்ள அக்காவுக்கு,

குளிசை எடுக்கிறேன். இரத்தம் அமைதி, வீடு அமைதி. நீங்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

கோபப்படாமல் படியுங்கள். அவருடைய பெயர் எத்தியேன். ஜொய்சியிடம் விசாரித்ததில், இங்கிலீசில் ஸ்ரீபன், எங்கள் கோயில் தமிழில் முடியப்பர். ஆக, உங்கள் தம்பி முடி கட்டாவிட்டாலும் முடியப்பராகத்தான் கூத்துக் களரிக்கு வருகிறான். இதில் உங்கள் மனம் ஆற வேண்டும்.

ஒரு சின்ன நாட்டில் உப்பு வியாபாரியின் மகன். சாமிமாரிடம் சட்டம் படித்து, ஒரு ஆயருக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிறவராகச் சேர்ந்து, அவரோடு உரோமாபுரிக்குப் போனார். வாயை எப்போது திறக்கக்கூடாது என்பதை அங்கேதான் படித்தாராம். பிறகு வெனிஸ் நகரத்தில் ஏழு வருஷம் தூதுவரின் காரியதரிசி. அந்தக் காலத்தில் ஐரோப்பா முழுக்க முப்பது வருஷமாக யுத்தம். அதை நிறுத்துவதற்காக எல்லா அரசர்களும் மூன்ஸ்டர் என்ற நகரத்துக்குத் தங்கள் தூதர்களை அனுப்பினார்கள். முடியப்பரை அவருடைய கோமகன் அனுப்பினார். சில மாதம் என்று போனவர் ஐந்து வருஷம் அங்கேயே இருந்தார்.

யார் எந்த வாசலால் முதலில் நுழைவது, யாருடைய வண்டி முன்னே போவது என்று மாதக்கணக்காகச் சண்டை. முடியப்பர் மட்டும் எல்லோரையும் பார்த்து, நீங்கள் முன்னே போங்கள் என்பாராம். கடைசி ஆளாக வாசலில் நிற்கிறவனுக்கு எல்லோருடைய கதையும் காதில் விழும். அப்படிக் கேட்டுக் கேட்டே ஒவ்வொருவருக்கும் எது தேவை என்று பிடித்து, பேசிப் பேசி, தன் நாட்டுக்கு ஒரு ஆற்றுப் பாலத்தை வாங்கிக் கொடுத்தார். யுத்தத்தில் அந்தப் பாலம் எதிரியிடம் போய், சனத்தின் வீடு இந்தக் கரையிலும் வயல் அந்தக் கரையிலுமாகக் கிடந்ததாம். அது எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் எனக்கும் யாரும் விளக்கத் தேவையில்லை.

இன்னொன்று. அவரிடம் ஒரு கல்லு இருந்ததாம். ஜொய்சி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அஞ்சு வருசமும் அவர் அந்தக் கல்லோடதான் இருந்தவர். ஒருத்தருக்கும் காட்டேல்ல."

முடிவு இப்படி. ஒப்பந்தம் எழுதி முடிந்ததும், உப்பு வியாபாரியின் மகன் பிரபுக்களுக்குப் பக்கத்தில் ஒப்பம் வைக்கக்கூடாது என்று கோமகன் தன் மருமகனை அனுப்பினார். அவன் ஒரு கிழமை வந்து நின்று ஒப்பம் வைத்துவிட்டுப் போனான். ஒப்பந்தத்தில் அவன் பெயர்தான் இருக்கிறது. முடியப்பர் ஊருக்குத் திரும்பி, அந்தப் பாலத்தால் பெருமையோடு நடந்து வீட்டுக்குப் போனார். வேறு தூதர்கள் எழுதியவற்றில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்ததைப் பொறுக்கித்தான் ஜொய்சி அவரைக் கண்டுபிடித்தாள். என் மகள் என்பதற்காகச் சொல்லவில்லை, பேராசிரியரே அவளை மெச்சுகிறார்.

பாட்டுகளுக்குக் காத்திருக்கிறேன்.

அன்புத் தம்பி
யோசெப்

---

வங்காலை
14.09.2024

அன்புத் தம்பிக்கு,

நீயும் குடும்பமும் நலமாயிருக்க மடுமாதாவை வேண்டுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. கூரையில் இரண்டு ஓடு போயிற்று, மழைக்கு முன் மாற்ற வேண்டும்.

முடியப்பர் என்று முதலிலேயே எழுதியிருந்தால் எனக்கு இவ்வளவு கொதி வந்திருக்காது. எத்தியேன் என்று பாடினால் தும்மல் மாதிரி இருக்கும். முடியப்பர் நன்றாக நிற்கிறது.

இத்துடன் பதினொரு தருவும் ஐந்து விருத்தமும் வைத்திருக்கிறேன். வாசல் சண்டைக்கு நான் கட்டியதைப் பாடிப் பார். கட்டியகாரன் ஒவ்வொரு தூதனாக அழைக்க, அவர்கள் இரண்டு பேர் இரண்டு பேராக வாசலில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சனம் சிரிக்கும். கல்லுக்கு ஒரு தனித் தரு. என்ன கல்லு என்று நீ எழுதவில்லை. நீலக்கல் என்று நானே தீர்மானித்தேன்.

கல்லொன்று கொண்டுவந்தார் – கடல்நீல நிறத்தாலே
கண்பட்டுப் போகுமென்று கைமூடி வைத்தாரே

அதை எதிரி நாட்டு அரசிக்குக் கொடுத்துத்தான் பாலத்தை வாங்கினார் என்று முடித்திருக்கிறேன். பரிசு இல்லாமல் யார் பாலம் தருவான்?

மருமகன் கதையைப் படித்த அன்று நான் சமைக்கவில்லை. ஐந்து வருஷம் வாசலில் நின்றவன் ஒருவன், ஒப்பம் வைக்கிறவன் வேறொருவனா? அந்தக் கோமகனுக்கு வெட்கம் இல்லையா? முடியப்பர் அதைப் பொறுத்துக்கொண்டு பாலத்தால் பெருமையோடு நடந்து போனார் என்கிறீர்களே, அவர் பெருமைப்பட்டார் என்று யார் சொன்னது? நான் அவரைச் சபையில் கேட்க வைத்திருக்கிறேன்.

வாய்நோக வாதாடி வருஷமைந்து போக்கினேனே – ஒப்பம்
வைக்கமட்டும் வந்தானோ மன்னவா உன் மருமகனே

இதை நீ மேல் சுரத்தில் எடுக்க வேண்டும். அப்பா ராசா வரவில் எடுக்கிற மாதிரி. கடைசிக் காட்சியும் மங்களமும் மட்டும் பாக்கி. அடுத்த கடிதத்தில் வரும்.

உடம்பைப் பார்.

அக்கா
திரேசம்மா

---

மொன்ட்ரியால்-நோர்
10.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றும்போது விரல் விறைக்கிறது. மற்றப்படி சுகம். உங்கள் சுகத்தைக் கேட்கிறேன். ஓடு மாற்றியாயிற்றா?

அக்கா, கதிரையில் இருந்துகொண்டு படியுங்கள். கல்லுப் பாட்டை ஜொய்சிக்குப் பாடிக் காட்டினேன். அவள் சிரித்துச் சிரித்துத் தரையில் இருந்துவிட்டாள். அது நீலக்கல் இல்லையாம். மூத்திரக்கல். பிரெஞ்சில் கல்லு என்று மட்டும் சொன்னால் அந்த வருத்தம்தானாம். அவள் தமிழில் கல்லு என்றாள், நான் கல்லு என்று எழுதினேன், நீங்கள் அதற்கு நிறமும் கொடுத்துவிட்டீர்கள். குலுங்குகிற வண்டியில் அந்த நோவோடு போய்ப் பேச்சுவார்த்தையில் இருந்தாராம். நோவைக் காட்டினால் எதிர்ப்பக்கம் அவசரப்படுத்தும் என்று முகத்தில் காட்டவே இல்லையாம்.

ஆனால் ஹென்றி அண்ணை அந்தத் தருவை விடமாட்டேன் என்கிறார். ஒத்திகையில் எல்லோர் வாயிலும் அதுதான். கறி வெட்டும்போதும் பாடுகிறார்கள்.

இனித்தான் உண்மையான சந்தோஷம். உங்கள் பாட்டுகளை நாங்கள் பாடப் பாட, பழைய ஆட்கள், இது சந்தியோகு அண்ணாவியாரின் வாக்கு அல்லவா, அதே நடை அல்லவா என்றார்கள். அப்போதே குழுவில் தீர்மானித்தோம். நோட்டீசில் 'அமரர் அண்ணாவியார் சந்தியோகு இயற்றிய' என்று போடுகிறோம். மங்களத்திலும் அப்பாவின் பெயர்தான். மொன்ட்ரியாலில் அப்பாவின் பெயர் ஒலிக்கப் போகிறது. ரொறன்ரோவிலிருந்தும் சனம் வரும். நீங்கள் எவ்வளவு பெருமைப்படுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

கடைசிக் காட்சியை விரைவாக அனுப்புங்கள்.

அன்புத் தம்பி
யோசெப்

---

மொன்ட்ரியால்-நோர்
05.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருஷ ஆசீர்வாதங்கள். எல்லோரும் சுகம், நீங்களும் சுகம் என்று நம்புகிறேன்.

உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. நவம்பர் நடுவில் இங்கே தபால்காரர் வேலைநிறுத்தம் செய்தார்கள், நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு கிழமை முன்தான் முடிந்தது. உங்கள் கடிதம் எங்கோ மூட்டைக்குள் கிடக்கும். இன்னும் ஒரு பிரதி எழுதி அனுப்பினால் புண்ணியம். கடைசிக் காட்சி இல்லாமல் முடியப்பர் மூன்ஸ்டரிலேயே நிற்கிறார். நத்தார் அன்று தொலைபேசியில் கேட்டேன், நீங்கள் பூசைக்கு நேரமாயிற்று என்றீர்கள்.

உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காமல் எழுதுங்கள்.

தம்பி
யோசெப்

---

வங்காலை
26.01.2025

அன்புத் தம்பிக்கு,

நலம். நீங்களும் நலமென்று அறிந்தேன். ஓடு மாற்றியாயிற்று. இந்த முறை மழை அதிகம். வெள்ளை ஆடு மூன்று குட்டி போட்டது, ஒன்று தப்பவில்லை. புதிய சுவாமி நல்ல பிரசங்கம் வைக்கிறார். ஜொய்சியைக் குளிருக்குள் திரிய வேண்டாம் என்று சொல்லு.

அக்கா

---

மொன்ட்ரியால்-நோர்
20.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் விசாரிக்கிற வரியை எழுதத் தொடங்கி மூன்று தரம் கிழித்துவிட்டேன். நீங்கள் சுகமில்லை, அதற்குக் காரணம் நான் என்று இப்போது தெரிகிறது.

உங்கள் ஆட்டுக்குட்டிக் கடிதத்தைப் படித்தபோதும் எனக்கு விளங்கவில்லை. மழைதான் காரணம், முழங்கால்தான் காரணம் என்று நினைத்தேன். போன சனிக்கிழமை ஒத்திகை. மருமகன் ஒப்பம் வைக்கிற காட்சி. "வைக்கமட்டும் வந்தானோ" என்று மேல் சுரத்தில் எடுத்தேன். எடுத்த இடத்திலேயே நின்றுவிட்டேன். மத்தளக்காரன் அடித்துக்கொண்டே இருக்கிறான், எனக்கு அடுத்த வரி வரவில்லை. அக்கா கட்டின பாட்டைப் பாடிக்கொண்டு, அக்கா வைக்க வேண்டிய ஒப்பத்தை வேறு ஆளுக்கு எடுத்துக் கொடுத்தவன் நான்தானே. அப்பா என்றாலும் வேறு ஆள்தான்.

அங்கேயே ஹென்றி அண்ணையிடம் கேட்டேன், நோட்டீசை மாற்றுவோம் என்று. அவர் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன். "நோட்டீஸ் அடிச்சாச்சு யோசெப். சந்தியோகு அண்ணாவியார் எண்டால் சனம் வரும். திரேசம்மா எண்டால் ஆர்?" என்றார்.

"அப்ப தூதனுக்கு வேற ஆளைப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு, சால்வையை எடுத்துக்கொண்டு மெத்ரோ ஏறி வந்துவிட்டேன். இனிப் போக மாட்டேன். உங்கள் பெயர் இல்லாத கூத்து எனக்கு வேண்டாம்.

மன்னியுங்கள் என்று எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் மன்னியுங்கள்.

உங்கள் தம்பி
யோசெப்

---

வங்காலை
16.03.2025

அன்புத் தம்பிக்கு,

தபசு காலம், கோபம் கூடாது. ஆகவே கோபமில்லாமல் எழுதுகிறேன். நான் சுகம். இந்த முறை உண்மையாகவே சுகம். உங்கள் தபால்காரர்களைக் குற்றம் சொல்லாதே. அவர்கள் நிறுத்தியது ஒரு மாதம், நான் நிறுத்தியது இரண்டு மாதம்.

நீ அறியாத ஒன்றைச் சொல்கிறேன். அப்பா கடைசியாகப் போட்ட இரண்டு கூத்தும் நான் கட்டியவை. அவருக்குக் கண் மங்கிவிட்டது. முதலில் அவர் சொல்ல நான் எழுதினேன், பிறகு நானே கட்டி அவருக்குப் பாடிக் காட்டினேன். அவர் தலையாட்டுவார். மங்களத்தில் அவர் பெயரைப் பாடினார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பெண்பிள்ளை கட்டிய பாட்டு என்று தெரிந்தால் அந்த நாளில் ஒருவனும் களரியில் ஏறியிருக்க மாட்டான். அப்பாவில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் இரண்டு தரம் கொடுத்துவிட்டேன். மூன்றாம் தரம் என் சொந்தத் தம்பி வந்து, பெருமைப்படுவீர்கள் என்று எழுதிக் கேட்டபோது எனக்குக் கொடுக்க மனம் வரவில்லை. எனக்கு என் பெயர் வேண்டும். இதை எழுதிப் பார்க்க எனக்கு அறுபத்தொரு வயதாயிற்று.

நீ எழும்பி வந்தது பிழை. ஐந்து வருஷம் கல்லோடு வாசலில் நின்றவனுக்கு வேஷம் கட்டுகிற நீ, ஒரு சொல்லுக்குச் சால்வையைத் தூக்கிக்கொண்டு மெத்ரோ ஏறுவதா? முடியப்பர் எந்தக் கூட்டத்தையாவது விட்டு எழும்பினாரா என்று ஜொய்சியைக் கேள். போய்த் திரும்பவும் ஏறு.

கடைசிக் காட்சி இத்துடன் வருகிறது. நோட்டீசை மாற்ற வேண்டாம். அது அன்று பின்னேரமே குப்பைக்குப் போகும். நான் என் பெயரை மங்களத்துக்குள் வைத்துக் கட்டியிருக்கிறேன்.

அரசர்கள் ஒப்பமிட்டார்; அவன்பெயர் அங்கே இல்லை;
கரிசனையோடு நானக் கதையினை எடுத்துச் சொன்னேன்;
பரிசெனக்கெதுவும் வேண்டாம்; பாடுவீர் என்பேர் சேர்த்து;
திரேசம்மா வங்காலையாள் செய்தஇக் கூத்து வாழி.

என் பெயர் அந்த இடத்துக்கு ஓர் அசை கூடுதல். கொஞ்சம் இழுத்துப் பாடு, தாளம் பொறுக்கும். ஹென்றி நல்ல பாட்டுக்காரன் என்றாய். என் பெயரை எடுத்துவிட்டு எதுகை முறியாமல் வேறு பெயர் போட முடிந்தால் போடச் சொல்லு. என் சம்மதம்.

மூத்திரக்கல்லுக்கும் ஒரு தரு வைத்திருக்கிறேன். நீலக்கல்லை அரசிக்குக் கொடுக்க, மற்றக் கல்லை அவர் தன்னோடு வைத்திருக்கிறார். இரண்டையும் பாடுங்கள்.

ஆண்டவர் உன் தொண்டையைக் காக்க.

அக்கா
திரேசம்மா

---

மொன்ட்ரியால்-நோர்
01.06.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தொண்டை கட்டிப்போய் மூன்று நாள் கதைக்கவில்லை. அதைத் தவிர எல்லாச் சுகமும் இருக்கிறது. உங்களைச் சுகம் விசாரிக்க வேண்டியதில்லை, நாங்கள் அனுப்பிய கூத்துக் காணொளியைப் பார்த்துவிட்டு ஆடுகளிடமெல்லாம் சொன்னீர்கள் என்று கேள்வி.

மார்ச் கடைசியில் உங்கள் மங்களத்தை ஹென்றி அண்ணையின் கையில் கொடுத்தேன். ஒரு தரம் மனதுக்குள் பாடினார். பிறகு வாய்விட்டுப் பாடினார். சந்தியோகு என்று போட்டுப் பார்த்தார், நிற்கவில்லை. அண்ணாவியார் என்று போட்டார், அதுவும் நிற்கவில்லை. ஒரு கிழமை வைத்திருந்தார். பிறகு வந்து, "பாட்டை முறிச்ச பாவம் எனக்கு வேண்டாம். உன்ர அக்கா பொல்லாத மனுசி" என்றார். அதை அவர் மரியாதையாகத்தான் சொன்னார். நான் சால்வையைத் திரும்பவும் தோளில் போட்டேன்.

மே இருபத்திநாலு. மண்டபம் கொள்ளவில்லை. வாசல் சண்டைக்கு ஜொய்சியின் பேராசிரியரும் சிரித்தார், அவருக்குப் பக்கத்தில் இருந்து அவள் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டே இருந்தாள். மூத்திரக்கல் தருவுக்கு நான் முகத்தில் நோவைக் காட்டாமல் இடுப்பில் மட்டும் கை வைத்து ஆடினேன். வயதான ஆம்பிளைகள் அத்தனை பேரும் கை தட்டினார்கள், அனுபவம் போல. மருமகன் காட்சியில் என் குரல் அப்பாவின் உயரத்துக்குப் போயிற்று. நானே சொல்லக்கூடாது, சொல்கிறேன்.

கடைசியில் நாங்கள் எல்லோரும் வரிசையாக நின்று மங்களம் பாடினோம். நாலாம் வரியை ஹென்றி அண்ணை தனியாக எடுத்தார். திரேசம்மா என்று இழுத்து நிறுத்திவிட்டு மத்தளக்காரனைப் பார்த்தார், அவன் ஒரு தட்டு விட்டுக்கொடுத்தான். சனம் எழும்பி நின்றது. நான் அழுதேன், பவுடர் எல்லாம் கரைந்து சால்வையில் ஊற்றியது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. எங்கள் பங்கில் நாலு திரேசம்மா இருக்கிறார்கள். சனம் போய் நாலு பேருக்கும் கை கொடுத்தது. மூன்று பேர், ஐயோ நாங்கள் இல்லை என்றார்கள். லவால் திரேசம்மா மட்டும் எல்லோருக்கும் மெர்சி, மெர்சி என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி, போட்டோவுக்கும் நின்றுவிட்டா.

உங்கள் தம்பி, தூதன்
யோசெப்

---

வங்காலை
21.06.2025

அன்புத் தம்பி யோசெப்புக்கு,

நான் நலம், ஆடுகள் நலம், முழங்காலும் கொஞ்சம் மனம் திருந்தியிருக்கிறது. உன் தொண்டைக்குக் கொத்தமல்லி அவித்துக் குடி.

லவால் திரேசம்மாவிடம் சொல்லு: போட்டோவை வைத்திருக்கட்டும், அடுத்த கூத்தை அவவே கட்டட்டும். வங்காலையாள் என்று பாட்டிலேயே சொல்லியிருக்கிறேன். ஊர்ப்பெயரைக் காதில் விழுத்தாத சனத்துக்கு நான் என்ன செய்வது.

காணொளியைப் பங்கு மண்டபத்துச் சுவரில் போட்டுக் காட்டினார்கள். என்னை முன் கதிரையில் இருத்தினார்கள். நாலாம் வரி வந்தபோது நான் தலையைக் குனியவில்லை. குனிய வேண்டும் என்று நினைத்துத்தான் போனேன், குனிய வரவில்லை. பிறகு மரியான் அண்ணாவியார் வந்து, வருகிற பெருநாளுக்கு ஒரு கூத்துக் கொப்பி கட்டித் தர வேண்டும் என்று கேட்டார். முதல் பக்கத்தில் பெயரை எழுதிவிட்டுத்தான் காப்புத் தொடங்குவேன் என்றேன். "ஓம், எழுதுங்கோவன்" என்றார். அவ்வளவு லேசாக அவர் சொன்னது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். சண்டை பிடிக்க ஆயத்தமாக நின்றேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து சவக்காலைக்கு மெழுகுதிரி கொளுத்தப் போனேன். எனக்கு முன்னால் கோயில் வேலை பார்க்கிற நிஷான் புதிய சுவாமியைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு கல்லறையாகக் காட்டிக்கொண்டு போனான். என்னை அவர்கள் காணவில்லை. இந்த ஊரில் நான் பிறந்த நாள் முதல் அண்ணாவியாரின் மகள். பள்ளிக்கூடத்தில் படிப்பித்தபோதும் அண்ணாவியாரின் மகள், கலியாணம் கட்டிய பிறகும் அண்ணாவியாரின் மகள். அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் வந்ததும் சுவாமி, இது யார் என்று கேட்டார்.

"இதோ சுவாமி? இவர் திரேசம்மாவின்ர தகப்பன்" என்றான் நிஷான்.

அக்கா
திரேசம்மா